நாடி பிடிக்காத வைத்தியம்: 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மருத்துவருக்குப் போன கடிதங்கள்

கேள்வி இது: முந்தைய நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பலர் மருத்துவரை நேரில் பார்க்காமல், கடிதம் எழுதியே வைத்தியம் பெற்றார்கள் என்று சொல்கிறார்களே, நாடி பிடிக்காமல், நாக்கைக்கூடப் பார்க்காமல் ஒரு மருத்துவர் எதைக் கொண்டு நோயைக் கணித்தார்? அது போலி வைத்தியம் இல்லையா? கட்டணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கடிதங்களை நெடுங்காலமாக விரும்பிப் படித்து வருகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

போலி வைத்தியம் என்ற ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 18-ஆம் நூற்றாண்டில் தபால் வழியே ஆலோசனை சொன்னவர்கள் சந்தையில் கூவி மருந்து விற்றவர்கள் அல்லர். லண்டனில் அரச மருத்துவர் கல்லூரிக்கும் ராயல் சொசைட்டிக்கும் தலைமை வகித்த ஹான்ஸ் ஸ்லோன், பாரிஸில் எத்தியேன் பிரான்சுவா ஜொஃப்ருவா, ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் ஹாஃப்மன், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் சாமுவேல் திஸ்ஸோ, எடின்பரோவில் வில்லியம் கல்லன் என அந்தக் காலத்தின் முதல் வரிசை மருத்துவர்களே இதைச் செய்தார்கள். ஹாஃப்மன் தமக்கு வந்த நோய் விவரங்களையும் தாம் சொன்ன ஆலோசனைகளையும் 1721 முதல் 1739 வரை பன்னிரண்டு பகுதிகளாக ஜெர்மன் மொழியில் அச்சிட்டே வெளியிட்டார். ஒளித்துச் செய்ய வேண்டிய தொழிலாக இருந்திருந்தால் ஒரு பேராசிரியர் அதை நூலாக்கியிருக்க மாட்டார்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கான விடை, அன்று நேரில் பார்த்த மருத்துவர் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. 1750-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தாலும் நாடியைத் தொட்டுப் பார்ப்பார், நாக்கையும் முகநிறத்தையும் கவனிப்பார், சிறுநீரையும் மலத்தையும் பற்றிக் கேட்பார், தேவையானால் கண்ணால் பார்ப்பார். அவ்வளவுதான். மார்பைத் தட்டி ஓசையைக் கேட்கும் முறையை வியன்னாவில் லியோபோல்ட் அவன்புருகர் 1761-இல் எழுதி வெளியிட்டபோதும், பிரெஞ்சு மருத்துவர் கார்விசார் 1808-இல் அதை மொழிபெயர்த்த பிறகுதான் பலரும் அதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். ஸ்டெதாஸ்கோப்பை லென்னெக் உருவாக்கியது 1816-இல். காய்ச்சலை வெப்பமானியால் அளந்து அட்டவணையில் குறிப்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வழக்கமாயிற்று. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி 1896-இல் வந்தது. இவை எதுவும் இல்லாத காலத்தில் நோயைப் பற்றிய அறிவில் மிகப்பெரிய பங்கு நோயாளியின் வாயிலிருந்தே வந்தது. எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது, தூக்கம் எப்படி, மனம் எப்படி என்பதையெல்லாம் வாயால் சொல்ல முடியுமென்றால் தாளிலும் எழுதலாம் அல்லவா? நேரில் போயும் பெரும்பாலும் சொல்வதைத்தான் செய்ய வேண்டும் என்றிருந்த காலத்தில், கடிதம் ஒரு குறைபட்ட மாற்றாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய ஐரோப்பிய மருத்துவம் உடல்நலத்தை ஆறு விஷயங்களோடு சேர்த்துப் பார்த்தது: சுவாசிக்கும் காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், உழைப்பும் ஓய்வும், உடலிலிருந்து வெளியேறுபவையும் உள்ளே தங்குபவையும், மனத்தின் உணர்ச்சிகள். கிரேக்க மருத்துவர் கேலனின் வழியில் வந்த சிந்தனை இது. இந்த ஆறையும் பற்றி நோயாளியைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. நம்மிடையே பத்தியம் என்ற சொல் உணவோடு நின்றுவிடாமல் குளியல், உறக்கம், அலைச்சல் எல்லாவற்றையும் எப்படித் தழுவுகிறதோ, ஏறக்குறைய அதே விரிவோடு அவர்களும் வாழ்முறையை மருந்தாக எண்ணினார்கள். பத்தியம் சொல்வதற்கு நாடியைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை.

வழக்கத்தின் வேர் இன்னும் பழையது. 13-ஆம் நூற்றாண்டில் பொலோஞா நகரில் கற்பித்த ததேயோ அல்தெரோத்தி, குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கென்று எழுத்தில் ஆலோசனை தரும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். லத்தீனில் அதற்குக் கொன்சிலியம் என்று பெயர். நோயின் விவரம், பிறகு பத்தியம், பிறகு மருந்து என்ற ஒழுங்கில் அது அமையும். 15-ஆம் நூற்றாண்டில் பதுவாவைச் சேர்ந்த பார்தொலொமேயோ மொந்தஞானாவின் பெயரில் முந்நூறுக்கும் மேற்பட்ட கொன்சிலியங்கள் தொகுக்கப்பட்டன. ஆனால் அவற்றில் பல, நோயாளியின் ஊர் வைத்தியர் பெரிய மருத்துவரைக் கேட்டு வாங்கியவை. நோயாளியின் குரல் அவற்றில் அரிதாகவே கேட்கும். அதே காலத்தில் சாதாரண மக்கள் கையாண்ட வழி வேறு. கண்ணாடிக் குப்பியில் சிறுநீரை அடைத்து ஓர் ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள்; மருத்துவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நிறத்தையும் படிவையும் கொண்டு நோயைச் சொல்வார். சிறுநீரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைக் கற்ற மருத்துவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கடுமையாகக் கண்டித்தார்கள். குப்பி போய்க் கடிதம் வந்தது என்று சொன்னால் சற்று மிகையாகும். ஆயினும் நோயாளியின் உடலிலிருந்து எடுத்த ஒன்றைவிட, நோயாளி சொன்ன சொல்லை நம்பத் தொடங்கிய மாற்றம் அதில் இருக்கிறது. அதை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை.

இனி கல்லனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வழக்கத்தை உள்ளே புகுந்து பார்க்க அவரைப்போல் நமக்கு உதவுகிறவர் வேறு யாரும் இல்லை. 1710-இல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டனில் பிறந்த வில்லியம் கல்லன், கிளாஸ்கோவில் கற்பித்துவிட்டு 1755-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வேதியியல், பிறகு மருத்துவம் என்று பேராசிரியர் பதவிகளை வகித்து 1790-இல் இறந்தார். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்தும் மாணவர்கள் அவரிடம் படிக்க வந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பி வைத்தியம் பார்க்கும்போது, பிடிபடாத நோய் ஒன்று வந்தால் பழைய ஆசிரியருக்கு எழுதினார்கள். நோயாளிகளும் எழுதினார்கள், அவர்களின் கணவரோ தந்தையோ எழுதினார்கள், ஊர்ப் பாதிரியார் எழுதினார். அவருக்கு வந்த கடிதங்களும் அவர் அனுப்பிய பதில்களின் நகல்களுமாக 5,000-க்கும் மேற்பட்டவை எடின்பரோ அரச மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் படம் பிடித்து, எழுத்துப்பெயர்த்து, எவரும் இணையத்தில் படிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

கேள்வியும் பதிலும் ஒருசேரக் கிடைப்பதே இந்தத் தொகுப்பின் அருமை. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் மிஞ்சியிருக்கும்; நோயாளி என்ன கேட்டார் என்று தெரிந்தால் மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரியாது. கல்லன் தம் பதில்களைத் தொடக்கத்தில் எழுத்தரைக் கொண்டு படியெடுக்க வைத்தார். 1780-இல் நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட் ஒரு நகலெடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தனி வகை மையால் எழுதிய கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை அதில் ஒட்டிக்கொள்ளும். எழுத்து இடவலமாக மாறி விழும், தாள் மெல்லியதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். கல்லன் 1781 முதல் இந்தக் கருவியைப் பயன்படுத்தினார். ஒரு மருத்துவருக்கு நகல் எவ்வளவு அவசியம் என்பது தொழிலைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆறு மாதம் கழித்து அதே நோயாளி, நீங்கள் சொன்ன தூளைச் சாப்பிட்டேன், குணமில்லை என்று எழுதும்போது, எந்தத் தூள், எத்தனை குருணை எடை என்று தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது?

கடிதத்தில் என்ன எழுதினார்கள்? வயது, உடல்வாகு, குடும்பத்தில் இருந்த நோய்கள், சிறுவயதில் வந்த அம்மை, நோய் தொடங்கிய காலம், அதன் போக்கு, இதுவரை பார்த்த வைத்தியங்கள், அவற்றால் நேர்ந்த பலன் அல்லது கேடு என்று ஓர் ஒழுங்கு இருந்தது. பிரெஞ்சு மொழிக் கடிதங்களில் பலர் தம்மைப் பற்றியே, நோயாளிக்கு நாற்பது வயது, அவர் சுறுசுறுப்பான இயல்புடையவர் என்பதுபோல் மூன்றாம் மனிதராக எழுதுவார்கள். சில பக்கங்கள் கழித்துத் தாங்க முடியாமல் நான் என்ற சொல் வெளியே வந்துவிடும். அந்த இடங்களைப் படிக்கும்போது எனக்குக் கை ஒரு கணம் நிற்கும். அதுவரை ஒழுங்காக விவரம் சொன்ன மனிதர் அங்கேதான் தம் வலியோடு நேரே நம்முன் வருகிறார்.

எல்லோரும் தெளிவாக எழுதிவிடுவதில்லை என்பதை மருத்துவர்களும் அறிந்திருந்தார்கள். லொசானின் திஸ்ஸோ 1761-இல் பொதுமக்களின் உடல்நலத்துக்கென்று ஒரு நூல் எழுதினார். அது பல ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது. நாட்டுப்புறத்து ஏழைகளுக்கு நேரடியாக என்பதைவிட, அவர்களுக்கு அருகில் இருந்த பாதிரியார், நில உடைமையாளர், பள்ளி ஆசிரியர், மருத்துவச்சி ஆகியோரை மனத்தில் வைத்து எழுதிய நூல் அது. மருத்துவரைக் கலந்தாலோசிக்கும்போது எந்தெந்தக் கேள்விகளுக்குக் கட்டாயம் விடை தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் கொடுத்தார். நோயாளியின் வயது என்ன, இதற்குமுன் நலமாக இருந்தாரா, நோய் எத்தனை நாளாக இருக்கிறது, எப்படித் தொடங்கியது, காய்ச்சல் உண்டா, தலையிலோ மார்பிலோ வயிற்றிலோ வலி உண்டா, தாகம், வாயில் ருசி, பசி, தூக்கம், மலம், சிறுநீர், வியர்வை எப்படி, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அது போகும். பெண்களுக்கு மாதவிலக்கு, கர்ப்பம், பிள்ளைப்பேறு பற்றியும், குழந்தைகளுக்குப் பல் முளைப்பது, பூச்சித் தொல்லை, அம்மை பற்றியும் தனிக் கேள்விகள் உண்டு. இன்று மருத்துவமனையில் நுழைந்ததும் எழுதிக்கொள்ளும் நோய் வரலாற்றுப் படிவத்தோடு இதை வைத்துப் பாருங்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆக, தொலைவிலிருந்து வைத்தியம் பார்க்க வேண்டிய நெருக்கடியே, நோயாளியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை முறையாகச் சிந்திக்க வைத்தது என்பது என் கருத்து.

திஸ்ஸோவுக்கு வந்த கடிதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை லொசான் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை என்னை மிகவும் வருத்தத்துக்குள்ளாக்குகிறது. சுய இன்பம் உடலையும் அறிவையும் அழித்துவிடும் என்று அச்சுறுத்தும் ஒரு நூலை அவர் 1760-இல் பிரெஞ்சில் வெளியிட்டார். அதைப் படித்துக் கலங்கிய இளைஞர்கள் அவருக்கே எழுதித் தம்மைக் காப்பாற்றும்படி கெஞ்சினார்கள். நோயை உண்டாக்கியதில் நூலுக்கும் பங்கு இருந்தது. மருந்தும் அந்த நூலாசிரியரிடமே கேட்கப்பட்டது. இதே அச்சத்தைக் காட்டி நம் ஊர்ச் சுவர்களிலும் பத்திரிகைகளிலும் இன்றும் விளம்பரம் வருவதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இளைஞர்களின் நிலை எளிதில் விளங்கும். ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஊர் வைத்தியரிடம், அதுவும் குடும்பத்தையே அறிந்தவரிடம், வாய் திறக்க முடியாத ஒன்றை முகம் தெரியாத மருத்துவருக்கு எழுத முடிந்தது. பெயரை மறைத்து எழுதியவர்களும் உண்டு. பால்வினை நோய், கருச்சிதைவு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு, அந்த நூற்றாண்டில் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

மருத்துவரின் பதிலும் தனி வடிவம் கொண்டது. நோயைப் பற்றித் தம் கருத்தைச் சில வரிகளில் சொல்வார். பிறகு நீண்ட பத்தியம் வரும். கல்லனின் பதில்களில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, ஒயின் எவ்வளவு, உள்ளே ஃபிளானல் துணி அணிய வேண்டுமா, குதிரைச் சவாரி எத்தனை மைல், எந்த மாதத்தில் எந்தக் கனிமநீர் ஊற்றுக்குப் போவது என்பதெல்லாம் நுணுக்கமாக இருக்கும். மருந்துச் சீட்டு மட்டும் லத்தீன் சுருக்கெழுத்தில் இருக்கும், ஏனெனில் அது நோயாளிக்கு அல்ல, உள்ளூர் மருந்துக்கடைக்காரருக்கு. சிங்கோனா பட்டை, ஆன்டிமணி கலந்த வாந்தி மருந்து, பேதி மருந்து, அபின் ஆகியவை அடிக்கடி வரும். உள்ளூர் வைத்தியர் ஏற்கெனவே செய்ததைக் கல்லன் பொதுவாகக் குறைகூற மாட்டார். அவர் செய்தது சரி, இன்னும் இதையும் சேர்க்கலாம் என்ற தொனியில் எழுதுவார். எந்தச் சிகிச்சைக்கும் அந்த உள்ளூர் வைத்தியரின் கைதான் தேவை என்பதால் அது பண்பு மட்டுமல்ல, நடைமுறை அறிவும்கூட. ரத்தம் எடுப்பதானாலும், கொப்புளம் எழுப்பும் பற்று போடுவதானாலும், நாடி மெலிந்ததா நிறைந்ததா என்று தொட்டுச் சொல்வதானாலும் அவர்தான் செய்தாக வேண்டும்.

கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் மருத்துவர்களின் கட்டணம் கினிக் கணக்கில் இருந்தது. ஒரு கினி என்பது 21 ஷில்லிங், உழைத்துப் பிழைப்பவருக்கு அது பெருந்தொகை. ஆகவே தாமாகவே எழுதிக் கேட்டவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்களும் நடுத்தர வகுப்பினரும்தான். ஏழைகளின் நோய் இந்தக் கடிதங்களுக்குள் வருவது, ஒரு முதலாளி தம் வேலைக்காரருக்காகவோ பாதிரியார் தம் ஊர்க்காரருக்காகவோ எழுதும்போது. தபால் கூலி வேறு விதமாக இருந்தது. 1840-இல் ஒரு பென்னி தபால் வரும்வரை பிரிட்டனில் கூலியைப் பொதுவாகக் கடிதம் பெறுகிறவர்தான் கொடுப்பார். அதுவும் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து ஏறும். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் கையொப்பம் இருந்தால் கூலி இல்லை; அப்படி ஒருவரைத் தெரிந்தவர்கள் அந்த வழியைத் தேடினார்கள். இத்தனை செலவுக்கும் நடுவில்தான், நோயாளிகள் தங்கள் வயிற்றுவலியின் பத்தாண்டு வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

தனிமனிதர்களின் கதையாகப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். பாத் நகரில் வைத்தியம் பார்த்த ஜார்ஜ் செய்ன், லண்டனில் அச்சகம் நடத்தியவரும் கடித வடிவில் நாவல் எழுதிப் புகழ் பெற்றவருமான சாமுவேல் ரிச்சர்ட்சனுக்குப் பல ஆண்டுகள், 1743-இல் தாம் இறக்கும்வரை, கடிதம் மூலமே வைத்தியம் பார்த்தார். செய்ன் ஒரு காலத்தில் 32 ஸ்டோனுக்கும், அதாவது சுமார் 200 கிலோவுக்கும், மேல் எடை இருந்தவர். பாலும் காய்கறியும் மட்டும் உண்டு தம்மை மீட்டுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆகவே ரிச்சர்ட்சனுக்கும் இறைச்சியையும் மதுவையும் விலக்கச் சொன்னார். நாளெல்லாம் மேசையில் குனிந்திருக்கும் அச்சகக்காரருக்குக் குதிரைச் சவாரி செய்ய நேரமில்லாததால், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மேலும் கீழும் குலுங்கும்படி செய்யப்பட்ட ஒரு நாற்காலியை வாங்கிப் பயன்படுத்தச் சொன்னார். வாந்தி மருந்துகளையும் தாராளமாகச் சொன்னார், அதை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். அந்தக் கடிதங்களில் மருத்துவரும் நோயாளியும் ஒரே நோயைத் தாங்கிய இருவராகப் பேசிக்கொள்கிறார்கள்.

சாமுவேல் ஜான்சனின் கடைசி ஆண்டு மற்றொரு காட்சி. 1784-இன் தொடக்கத்தில் அகராதி ஆசிரியரான அவர் மூச்சிளைப்பாலும் நீர்க்கோவையாலும் லண்டன் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். லண்டனிலேயே ஹெபர்டன், ப்ராக்கல்ஸ்பி என்ற இரண்டு சிறந்த மருத்துவர்கள் அவரைக் கட்டணமின்றிப் பார்த்துவந்தார்கள். இருந்தும் எடின்பரோ மருத்துவர்களின் கருத்தையும் கேட்டுச் சொல்லும்படி நண்பர் பாஸ்வெல்லுக்கு எழுதினார். பாஸ்வெல் மார்ச் 7 அன்று கல்லன், ஹோப், மன்றோ மூவருக்கும் நோய் விவரத்தை எழுதினார். மூவரும் அக்கறையோடு பதில் எழுதினார்கள். கில்லஸ்பி என்ற மற்றொரு மருத்துவரும் தம் கருத்தை எழுதியனுப்பினார். ஜான்சன் அதைப் பாராட்டும்போது, 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த அதே கொன்சிலியம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். நம் நரிவெங்காயத்துக்கு உறவான கடல்வெங்காயத்தைத் தூளாகச் சாப்பிட்டது வயிற்றைக் கெடுத்ததால், அதை வினிகரில் ஊறவைத்த வடிவில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பதாகவும் அவர் எழுதினார். அது சிறுநீரைப் பெருக்கி உடலில் தேங்கும் நீரைக் குறைக்கும். இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருளும் அதில் உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் 13-இல் ஜான்சன் இறந்தார். கடிதம் அவரைக் காப்பாற்றவில்லை. அருகிலிருந்த மருத்துவர்களாலும் காப்பாற்ற முடியவில்லை.

இதனால் தீங்கே நேரவில்லை என்று சொல்ல மாட்டேன். சில நாள்களில் உயிரை எடுத்துவிடும் காய்ச்சலுக்கோ பெருக்கெடுத்த ரத்தப்போக்குக்கோ தபாலை நம்பிக் காத்திருக்க முடியாது. அதனால் கடிதங்களில் நிறைந்திருப்பவை நாள்பட்ட நோய்கள்: வயிற்றுக் கோளாறு, கவுட் எனும் மூட்டுவீக்கம், இளைப்பு, வலிப்பு, பக்கவாதம், எலும்புருக்கி, பெயர் வைக்க முடியாத சோர்வு. பதில் வந்து சேர்வதற்குள் நோய் வேறு திசையில் திரும்பியிருக்கலாம். மருத்துவர்கள் அதை உணர்ந்து, இப்படி ஆனால் இதைச் செய், அப்படி ஆனால் அதை நிறுத்து என்று பல கிளைகளாக எழுதினார்கள். நோயாளி மறந்துபோன ஒரு வரி, வெட்கத்தால் விட்ட ஒரு செய்தி, எழுதியவர் தம் கருத்தை நோயாளியின் கருத்தாக ஏற்றிச் சொன்ன ஓர் இடம் ஆகிய எதையும் திருத்த மருத்துவருக்கு வழி இல்லை. மனைவியின் நோயைக் கணவர் எழுதும்போது இந்த ஆபத்து மிகவும் கூடுதல்; அப்படிப்பட்ட கடிதங்களில் அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பார் என்று தேடித் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

தொலைவு மிகவும் கூடும்போது இந்த ஏற்பாடு என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. 1706 முதல் தரங்கம்பாடியில் பணிசெய்த லுத்தரன் மிஷனரிகள் ஹாலே நகரத்தோடு இடைவிடாமல் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள்; அங்கிருந்த அனாதை இல்லத்தின் மருந்துச்சாலையில் செய்த மருந்துகள் அவர்களுக்குக் கப்பலில் வந்தன. ஆனால் பாய்மரக் கப்பலில் ஒரு வழிப் பயணமே அரையாண்டுக்கு மேல் பிடிக்கும். பதில் வருவதற்குள் நோயாளி ஒன்று பிழைத்திருப்பார், இல்லையேல் இறந்திருப்பார். மருந்துப் பெட்டியைக் கடல் கடத்தி அனுப்பலாம். அன்றைய நோய்க்கு அன்றைய ஆலோசனையை அனுப்ப முடியாது. ஹாலே தம் மருத்துவரையே தரங்கம்பாடிக்கு அனுப்பியதற்கும், மிஷனரியான க்ருண்ட்லர் 1711-இலேயே இங்குள்ள தமிழ் மருத்துவத்தைக் கேட்டறிந்து ஒரு கையெழுத்து நூல் எழுதியதற்கும் இந்தத் தொலைவு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தபால் வைத்தியத்தை எவரையும்விட ஒழுங்குபடுத்தியவர் என்று ஹோமியோபதியின் நிறுவனர் சாமுவேல் ஹானிமனைச் சொல்லலாம். 1821 முதல் 1835 வரை ஜெர்மனியின் கோத்தன் என்ற சிற்றூரில் இருந்த அவருக்குத் தூர ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் 1830-களின் முற்பாதியைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிக் கடிதங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கின்றன. நோயாளிகள் நாள்தோறும் தம் உடலில் தோன்றும் மாற்றங்களைக் குறித்து அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டார். எண் போட்ட சிறு பொட்டலங்களில் தூளை அனுப்பி, நாளொன்றுக்கு ஒன்றாக வரிசைப்படி உட்கொள்ளச் சொன்னார். அவற்றில் சிலவற்றில் பால் சர்க்கரை மட்டுமே இருந்தது. ஹோமியோபதி மருந்துகளின் பலனை நான் ஏற்பவன் அல்லன். ஆனால் தன் உடலைத் தினமும் கவனித்து எழுதும் பழக்கத்தை அத்தனை நோயாளிகளிடம் வளர்த்ததை மறுக்க முடியாது.

பிறகு ஏன் இது குன்றியது? மருத்துவத்தின் பார்வை மாறியதுதான் காரணம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவமனைகளில், நோயாளி சொல்லும் குறிகளைவிட உடலுக்குள் எந்த உறுப்பில் என்ன சிதைவு என்பதே முதன்மையான கேள்வியாயிற்று. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட ஓசையை, நோயாளி இறந்தபின் பிணத்தை அறுத்துக் கண்டதோடு ஒப்பிட்டார்கள். நுரையீரலில் கேட்கும் கரகரப்பு நோயாளிக்கே தெரியாது. தெரியாததை அவர் எழுதவும் முடியாது. 1840-க்குப் பிறகு பிரிட்டனில் ஒரு கடிதத்துக்கு ஒரு பென்னி என்று கூலி குறைந்து தபால் பெருகிய அதே காலத்தில், தேர்ந்த மருத்துவர்கள் கடிதத்தை நோய் கணிக்கும் வழியாக நம்புவதை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தை விளம்பரம் கொடுத்துத் தபாலில் மருந்து விற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தபால் வைத்தியம் என்றாலே போலி என்று நமக்குத் தோன்றுவதற்கு அந்தப் பிற்காலமே காரணம். அந்தப் பழியைக் கல்லன் காலத்தின்மேல் ஏற்றக்கூடாது.

இதை நேரில் கண்டறிய விரும்புகிறவர்கள் கல்லனின் தொகுப்பில் ஏதேனும் ஒரே நோயாளியின் கடிதங்களைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதல் கடிதத்தில் கையெழுத்து ஒழுங்காக இருக்கும், சொற்கள் அளந்து போட்டவையாக இருக்கும். நாலாவது ஐந்தாவது கடிதம் வரும்போது, இந்த வாரம் தூங்கினேன், முட்டையும் சாப்பிட முடிந்தது என்ற அளவில் பேச்சு வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில், ஈரத்தாளில் மங்கிய மையில், அந்த முட்டையைத் தொடரலாமா என்பதற்குக் கல்லனின் விடை இருக்கும்.